நாட்டுத் தலைவரின் பன்றிக் கொட்டில்

அறுபத்து நான்காயிரத்து முந்நூற்று ஐம்பது லிரா எனக்குத் தர வேண்டிய எவாரிஸ்தோ, மார்ச் மாத நடுவில் ஒரு சாயங்காலம் எங்கள் சின்ன மலைநாட்டுக்குத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

அப்போது நான் ஃபயெத்தானோவில் ப்ரீமோவின் மதுக்கடையில் உட்கார்ந்து, ரொட்டித் துண்டை ஒயினில் போட்டு, அது ஊறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வானொலியில் பெயர் வாசித்ததும் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"செத்திமியோ! உனக்குக் காசு தரணுமே எவாரிஸ்தோ, அவன் ராஜா ஆயிட்டான்டா!" என்றான் ப்ரீமோ.

"ராஜா எங்க ஆனான்? அரை ராஜா. மீதி அரை அந்த வக்கீல் ஒத்தாவியோ."

"அதுவும் ஆறு மாசத்துக்கு. அக்டோபர் ஒண்ணாம் தேதி திரும்பப் பன்னிக்குத் தவிடு கலக்க வந்துருவான்."

"அப்ப செத்திமியோவுக்குப் பாதிக் காசுதான் தேறும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கையால் வாயை மூடிக்கொண்டு. அப்போதெல்லாம் அப்படித்தான் சிரித்தேன்.

கணக்கு ஒன்றும் சிக்கலானதல்ல. ஜனவரியில் எவாரிஸ்தோவுக்கு ஒரு பன்றிக் கொட்டில் கட்டினேன். பன்னிரண்டு நாள் கூலி ஐம்பத்து நான்காயிரம். சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் என் கையிலிருந்து போட்டது பத்தாயிரம். ஆணி முந்நூற்று ஐம்பது. கடைசி நாள் உத்தரத்தை ஏற்றும்போது கப்பியின் கொக்கி கழன்று நேராக என் வாய்க்கு வந்தது. மேலே நான்கு பல், கீழே இரண்டு. எவாரிஸ்தோ ஓடிவந்து, வைக்கோலில் முட்டி போட்டுத் தேடி, மூன்று பல்லைக் கண்டுபிடித்துக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தான். நல்லவன்தான். கையில் காசில்லாத நல்லவன்.

போர்கோவில் இருக்கும் பல் டாக்டர் தார்ச்சீசியோ பல் செட்டுக்கு அறுபதாயிரம் கேட்டார். தவணை கிடையாது. எவாரிஸ்தோ கொடுத்தால் நான் டாக்டருக்குக் கொடுப்பேன். நான்காயிரம் லிரா மிச்சமும் இருக்கும். அவசரம் எனக்குச் சோறு தின்ன அல்ல. ஊறின ரொட்டியும் சூப்பும் ஒரு மனிதனை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டும். பெல்ஜியத்துச் சுரங்கத்தில் அதைவிட மோசமாகத் தின்றிருக்கிறேன். அவசரம் என் மகள் நோர்மாவுக்கு. அக்டோபர் பதினேழாம் தேதி அவளுக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் நான். மாப்பிள்ளை வீட்டார் நகரத்துக்காரர்கள், போட்டோக்காரனை ரிமினியிலிருந்து வரவழைக்கிறார்கள். அதைச் சொன்ன அன்று நோர்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"அப்பா, போட்டோல மட்டும் சிரிக்காம இருந்துரு. போதும்."

அவள் கெட்ட பெண் அல்ல. அதனால்தான் அந்தச் சொல் உள்ளேயே தங்கிவிட்டது.

*

ஏப்ரல் ஒன்றாம் தேதி பதவியேற்பு. எங்கள் பத்திரிகை டிசம்பர் கடைசியில் 'இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகள்' என்று ஒரு பக்கம் போடும். நான் வயது நாற்பதைத் தாண்டித்தான் எழுத்துப் படித்தவன், அந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். இந்தப் பதவியேற்பைப் பற்றி அதில், 'உரிய கம்பீரத்துடன் நடைபெற்றது' என்று எழுதியிருந்தார்கள். கம்பீரம் இருந்தது உண்மை. மணி அடித்தது, வாத்தியம் முழங்கியது, மலையுச்சியின் தெருவில் கல்லே தெரியாத அளவுக்குக் கூட்டம். எவாரிஸ்தோ கறுப்பு வெல்வெட்டும் முழங்கால்வரை காலுறையும் மார்பில் பட்டையுமாக வந்தான். பக்கத்தில் ஒத்தாவியோ. இருவருக்கும் ஒரே உடுப்பு. ஒத்தாவியோவுக்கு அது பிறக்கும்போதே போட்டுவிட்டது போல இருந்தது. எவாரிஸ்தோ மட்டும் நடக்கும்போது, வழுக்கும் இடத்தில் நடப்பவன் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

சாயங்காலம் வழக்கப்படி தன் ஊர்க்காரர் எல்லோருக்கும் விருந்து போட்டான். நாலு நீள மேஜை. பன்றித் தொடை, முயல், வறுத்த உருளை. எனக்கு சூப்.

"குடி, நல்லா குடி. ரெண்டு கிண்ணம் வாங்கிக்க," என்றாள் என் மனைவி ஜெல்த்ரூதே.

"ஏன்டி இவ்வளவு அக்கறை?"

"நம்ம காசுதானே ஓடிட்டிருக்கு."

நான் மேஜைகளைப் பார்த்தேன். தலைகளை எண்ணினேன். மனசுக்குள் பெருக்கினேன். கிட்டத்தட்ட அறுபத்து நான்காயிரம் வந்தது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு போலீஸ்காரன் நின்றான். அவன் ஜெல்த்ரூதேயின் அக்கா மகன்தான்.

"சித்தப்பா, உள்ள விட முடியாது. மேதகு தலைவர் ஓய்வுல இருக்காரு."

"மேதகு தலைவர் கொட்டில்ல தவிடு கலக்கிட்டிருக்காரு. எனக்கு இங்கேருந்தே தெரியுதுடா."

"தெரியும். ஆனா தெரியக்கூடாதுன்னு உத்தரவு. அரண்மனைல போய் மனு எழுதிக் குடுத்துட்டுப் பாருங்க."

அரண்மனையில் வரவேற்புச் செயலாளர் என்று ஒருவர். ஒல்லியானவர், கையில் எப்போதும் ஒரு பெரிய பதிவேடு. தலைவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுவார்கள், அவர் மாறவே மாட்டார். நான் போய் நின்றதும் முதலில் என் பூட்ஸைப் பார்த்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"எவாரிஸ்தோவை."

"அப்படி ஒருத்தர் இங்க கிடையாது. மேதகு தலைவர்கள் இருக்காங்க. ரெண்டு பேரையும் சேத்துத்தான் பாக்கணும். ரெண்டு பேரையும் பாத்துத்தான் பேசணும். ஒருத்தரை மட்டும் பாத்துப் பேசினா இன்னொருத்தருக்கு அவமரியாதை."

உள்ளே ஒரே மாதிரி இரண்டு நாற்காலி. எவாரிஸ்தோவுக்கு என்னைப் பார்த்ததும் காது சிவந்தது. ஒத்தாவியோவின் முகத்தில் சந்தோஷம். அவர்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஒருவர் செய்வதை இன்னொருவர் தடுக்கட்டும் என்றுதான் எங்கள் முன்னோர்கள் இரண்டு பேரை வைத்தார்கள்.

நான் இருவருக்கும் நடுவில், சுவரைப் பார்த்துப் பேசினேன். "மேதகு ஐயாமாரே, நீங்க எனக்கு அறுபத்து நாலாயிரத்து முந்நூத்தி அம்பது லிரா தரணும்."

"நாங்களா?" என்றார் ஒத்தாவியோ.

"ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்லணும்னாங்க."

"எதுக்காம்?"

"பன்னிக் கொட்டில் கட்டினதுக்கு."

ஒத்தாவியோ எவாரிஸ்தோவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "மேதகு சகாவே, நம்மகிட்ட பன்னிக் கொட்டில் இருக்கா?"

"டேய் செத்திமியோ, இதையெல்லாம் இங்கயாடா பேசுவ?" என்று எவாரிஸ்தோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கடிக்க அவனுக்குப் பல் இருந்தது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "கொத்தனாரின் கோரிக்கை நியாயமானது. விரைவில் தீர்த்துவைக்கப்படும்," என்றான்.

"நான் மறுக்கிறேன்," என்றார் ஒத்தாவியோ.

"நீ எதை மறுக்கிற? காசு குடுக்கப்போறது நான்!"

"இந்த அறைல ஒருத்தர் வாக்குக் குடுத்தா அது ரெண்டு பேர் குடுத்த வாக்கு. என் பேர்ல பன்னிக் கொட்டில் பாக்கி ஏறுறதை நான் அனுமதிக்க முடியாது. செயலாளரே, எழுதிக்குங்க. கொத்தனாருக்குப் பணம் தர்றதை இணைத் தலைவர் ஒத்தாவியோ மறுத்தார்."

செயலாளர் பதிவேட்டில் எழுதினார். எனக்கும் எவாரிஸ்தோவுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது. எனக்கு ஆத்திரத்தில், அவனுக்கு நிம்மதியில். ஒரு தேசத்தின் சட்டமே அவன் கடனைத் தள்ளிப்போட்டுக் கொடுத்துவிட்டதே.

வெளியே வரும்போது ஒத்தாவியோ தாழ்வாரம்வரை கூடவே வந்தார்.

"கொத்தனாரே, உங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை பொதுமனு வாங்குற நாள். சபைக்கு ஒரு மனு போடுங்க. ஆறு மாசத்துக்குள்ள சபை விவாதிச்சே ஆகணும். எவாரிஸ்தோ கட்சி ஆடிப்போயிரும்."

"எனக்குக் கட்சி வேணாம்யா. பல்லு வேணும்."

"பல்லுன்னு எழுதாதீங்க. பொதுநலன்னு எழுதுங்க. உங்க பாக்கியைக் கேட்டா தள்ளிருவாங்க, எல்லார் பாக்கியையும் கேட்டா தள்ள முடியாது."

சனிக்கிழமை பூராவும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். ஜெல்த்ரூதே எனக்கு எதிரில் பட்டாணி உரித்தாள். 'நாட்டுத் தலைவராக வருகிறவர், பதவியேற்கும் முன், வேலை செய்தவர்களின் கூலி பாக்கியைத் தீர்த்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.' இதை எழுத நாலு தாள் வீணாயிற்று. ஐந்தாவது தாளைக் கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். 'ஏழு பொதுமனுக்கள் பெறப்பட்டன' என்று பத்திரிகை எழுதியது. அதில் மூன்றாவது என்னுடையது.

*

மே மாதம் சபையில் அதை எடுத்தார்கள். பார்வையாளர் இடத்தில் நானும் ப்ரீமோவும் உட்கார்ந்திருந்தோம். அறுபது உறுப்பினர்கள். முதலில் இடது பக்கத்துக்காரர் ஒருவர் எழுந்து உழைப்பாளியின் வியர்வையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவர் கிணற்று மேடையை நான்தான் கட்டினேன், இரண்டு வருஷமாகப் பாக்கி. வலது பக்கத்துக்காரர் ஒருவர் எழுந்து தனிமனித சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். கடன் வைத்திருப்பதும் சுதந்திரத்தில் சேர்த்தி என்பது அவர் வாதம்.

கடைசியில் ஒரு வயதான உறுப்பினர், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல, எழுந்து கேட்டார்: "கூலி பாக்கி எதுவும் இல்லாத உறுப்பினர்கள் தயவுசெய்து கையைத் தூக்குங்களேன்."

பின்வரிசையில் ஒரே ஒரு கை மேலே போனது.

"என் கூரை?" என்று பார்வையாளர் இடத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

கை இறங்கிவிட்டது.

அப்புறம்தான் ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது. இப்படி ஒரு சட்டம் வந்தால் நாட்டுக்குத் தலைவரே கிடைக்கமாட்டார். இரு தரப்பும், நான் பார்த்து முதல் தடவையாக, ஒரே குரலில் ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைத்தன. ஐந்து பேர். அதில் மூன்று பேர் எவாரிஸ்தோவுக்கு மச்சான் முறை. மீதி இரண்டு பேர் எனக்கு.

குழு ஜூனில் இரண்டு காரில் வந்து கொட்டிலைப் பார்வையிட்டது. நீள அகலம் அளந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தது. எவாரிஸ்தோவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது. அறிக்கை பதினெட்டுப் பக்கம். அதில் எனக்குப் புரிந்த வரி ஒன்றுதான்: 'சுவர் நேர்த்தியாகக் கட்டப்பட்டுள்ளது.' முப்பது வருஷமாகச் சாந்துக் கரண்டி பிடிக்கிறேன், அரசாங்கம் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் முறை. அந்த வரியைப் பல தடவை எழுத்துக்கூட்டி வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணத்தைப் பற்றி, 'மேலும் ஆராயப்பட வேண்டியது' என்று இருந்தது.

குழுவோடு ஒரு போட்டோக்காரனும் வந்திருந்தான். அவன் பன்றியைப் படமெடுத்தான். எங்கள் நாடு தபால்தலை விற்றுப் பிழைப்பது. அந்த வருஷம் வீட்டு விலங்குகள் வரிசை. ஜூலையில் ஐம்பது லிரா ஸ்டாம்பு வெளிவந்தது. முன்னால் எவாரிஸ்தோவின் பன்றி, பின்னால் என் சுவர். சுண்ணாம்புப் பூச்சில் நான் இழுத்த கோடுகூடத் தெரிந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் யாரோ அதை இடுக்கியால் எடுத்து ஆல்பத்தில் வைக்கிறார்களாம். பத்திரிகை அதை ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகளில் ஐந்தாவதாகச் சேர்த்தது.

"உலகம் பூரா உன் சுவரைப் பாக்குது," என்றான் ப்ரீமோ.

"பாக்கட்டும். யாராவது காசு அனுப்புறானா கேளு."

*

ஆகஸ்டில் நான் டாக்டர் தார்ச்சீசியோவிடம் போனேன். அக்டோபர் முதல் தேதி எவாரிஸ்தோவின் பதவி முடியும், முடிந்த மறுநாள் அவன் வெறும் எவாரிஸ்தோ, சட்டையைப் பிடித்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கல்யாணத் தேதியைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, வாயைத் தொற. அச்சு எடுத்து ரிமினிக்கு அனுப்புறேன். செட்டு செப்டம்பர் கடைசியில வந்துரும். வந்தாலும் அப்படியே மாட்டிக்க முடியாது, உன் ஈறுக்கு ஏத்த மாதிரி நான் ராவித்தான் பொருத்தணும். காசோட வா. அஞ்சு நிமிஷ வேலை."

அன்று வீடு திரும்பும்போது கண்ணாடியில்லாத இடத்திலும் சிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் நடுவில் அடுத்த தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ப்ரீமோ கடை, அதே வானொலி, அதே நாலு பேர். முதல் பெயர், தபால்தலைக் கடை லீபெரோ. இரண்டாவது பெயரை வாசித்ததும் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

இரண்டாவது பெயர் டாக்டர் தார்ச்சீசியோ.

"இந்த நாட்ல உனக்குத் தெரியாதவன் ஒருத்தன்கூடத் தலைவன் ஆகமாட்டானாடா?" என்றான் ப்ரீமோ. அப்புறம் நாலு பேரும் மேஜையில் தலைவைத்துச் சிரித்தார்கள். நான் ரொட்டியை ஒயினில் போட்டேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி பல் ஆஸ்பத்திரிக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'நாட்டுப் பணி காரணமாக ஏப்ரல் வரை மூடப்பட்டுள்ளது.' கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அலமாரியில், பெயர்ச் சீட்டு ஒட்டிய டப்பாவில் என் பல் இருந்தது. அதைப் பார்க்க மட்டும் முடிந்தது.

அங்கிருந்து நேராக எவாரிஸ்தோவிடம் போனேன். வாசலில் போலீஸ்காரன் இல்லை. வெல்வெட்டு இல்லை. தவிட்டுத் தொட்டி பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். ஆறு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தான்.

"காசு எங்கடா?"

"இல்லடா. சத்தியமா இல்ல. அந்த உடுப்புத் தைக்க எவ்வளவு ஆச்சுன்னு தெரியுமா? விருந்துக்கு எவ்வளவு? அவங்க குடுத்த சம்பளம் கையுறைக்குப் பத்தல. ஒவ்வொரு விழாவுக்கும் வெள்ளைக் கையுறைடா, ஒரு தடவை போட்டாக் கறுத்துருது. ஊருக்கே பாக்கி வெச்சிருக்கேன்."

"எனக்குப் பதினஞ்சு நாள் இருக்கு. என் மகளுக்குக் கல்யாணம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாப் பயலும் கேட்டான், எல்லாரையும் சமாளிச்சேன். அன்னிக்கு வைக்கோல்ல உன் பல்லைத் தேடினேன் பாரு, அதை நினைச்சாத்தான் ராத்திரில முழிப்பு வந்துருது," என்றான். "தொண்டைக்குள்ள போயிருச்சோன்னு பயந்துட்டேன்டா."

எனக்குக் கோபம் தொடர முடியவில்லை. ஆனால் பல் இல்லாமல் கோவிலுக்குள் நடக்கவும் முடியாது. ஆகவே நான் செய்தது, எங்கள் நாட்டில் ஆறேழு நூறு வருஷமாக இருந்தும் மானஸ்தர்கள் செய்யாத காரியம். பதவி விட்ட தலைவர்கள்மேல் எந்தக் குடிமகனும் பதினைந்து நாளுக்குள் புகார் கொடுக்கலாம். அந்தப் புகார்த் தாளை வாங்கி வர அரண்மனைக்குப் போனேன்.

வரவேற்புச் செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "சொந்தக் கடனுக்குப் புகார் குடுக்க முடியாது. பதவில இருந்தப்போ செஞ்ச காரியத்துக்குத்தான் குடுக்கலாம்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் விரல் அந்த வரியைத் தடவிக் கொடுத்தது போல எனக்குத் தோன்றியது.

"ஏப்ரல் மாசம் 'கொத்தனாருக்குப் பணம் தர்றதை இணைத் தலைவர் ஒத்தாவியோ மறுத்தார்'னு எழுதியிருக்கு. இது பதவில இருந்தப்போ செஞ்ச காரியம். ஆறு மாசமா உங்க பணம் நின்னதுக்கு இதுதான் ஆதாரம். புகார் எவாரிஸ்தோமேல போகாது. வக்கீல்மேல போகும்."

சின்ன நாட்டில் செய்தி மனிதனுக்கு முன்னால் நடக்கும். நான் மலையிறங்கி வீடு சேர்வதற்குள் ஒத்தாவியோவின் கார் என் வாசலில் நின்றது. ஜெல்த்ரூதே அவரை உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்திருந்தாள்.

"கொத்தனாரே, நமக்குள்ள என்ன இது? நூறு வருஷத்துல யார்மேலயும் புகார் வந்ததில்ல. என் பேரு முதல் பேரா இருக்கணுமா?"

"எல்லார் பாக்கியையும் கேளுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"அது அரசியல்யா!"

"இதுவும் அதானுங்க," என்றாள் ஜெல்த்ரூதே. "பல்லு வெச்ச அரசியல்."

அவர் காரில் ஏறி எவாரிஸ்தோ வீட்டுக்குப் போனார். நாங்கள் வாசலிலிருந்தே கேட்டோம், நடுவில் இரண்டு திராட்சைத் தோட்டம் இருந்தும். "குடுத்துத் தொலைய்யா! காசா இல்லேன்னா எதாவதா குடு! என் மானம் உன் பன்னிக் கொட்டில்ல கிடக்குது!" என்று வக்கீல் கத்தினார். அப்புறம் எவாரிஸ்தோ பன்றியைப் பெயர் சொல்லி அழைக்கும் சத்தம் கேட்டது. தபால்தலையில் வந்த அதே பன்றி.

இருட்டும் முன் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பன்றியைக் கல்யாண விருந்துக்கு முழுசாகச் சுட்டுத் தருவதாகவும், எடைபோட்டுச் சந்தை விலையில் கழித்துக்கொள்வதாகவும், மீதியைக் கையில் தருவதாகவும் பேச்சு. நாங்கள் விருந்துக்கு எப்படியும் பன்றி வாங்க வேண்டியவர்கள், அதற்கு ஜெல்த்ரூதே சீட்டுப் போல மாதாமாதம் சேர்த்த அறுபதாயிரம் தகரப் பெட்டியில் இருந்தது. அது இனிமேல் பல்லுக்கு. புகார்த் தாளை மடித்து அடுப்பில் போட்டேன். வக்கீல் அது எரிந்து முடியும்வரை நின்று பார்த்தார்.

இனி டாக்டர். அதாவது, மேதகு தலைவர்.

*

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வரவேற்புச் செயலாளர் முன்னால் தகரப் பெட்டியோடு நின்றேன்.

"என்ன விஷயமா?"

"வாய் விஷயமா."

அதே இரண்டு நாற்காலி. ஒன்றில் டாக்டர் தார்ச்சீசியோ, இன்னொன்றில் லீபெரோ. வெல்வெட்டு இருவருக்கும் இன்னும் கசங்கவில்லை. நான் சுவரைப் பார்த்து ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் உடுப்பின் மடிப்புக்குள் கையை விட்டு என் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இவன் வருவான்னு தெரியும். பத்து நாளா இதைப் பையிலயே வெச்சுட்டுத் திரியுறேன். தூதர் ஒருத்தர் வந்தப்பகூட உறுத்திட்டே இருந்துச்சு."

"மேதகு தலைவர் தொழில் செய்யக்கூடாது," என்றார் செயலாளர்.

"தொழில் இல்லய்யா. குடிமகனோட குறையைத் தீக்குறேன். அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்?"

"அப்படின்னாலும் இணைத் தலைவர் சம்மதம் வேணும். ரெண்டு பேரும் சேந்துதான் எதையும் செய்யணும்."

எல்லோரும் லீபெரோவைப் பார்த்தோம். லீபெரோ டாக்டரின் எதிர்க்கட்சி. அவர் என் வாயை எட்டிப் பார்த்தார்.

"நீதானே அந்தச் சுவர் கட்டினவன்? அந்தப் பன்னி ஸ்டாம்பு ஒரே மாசத்துல ரெண்டாயிரம் வித்தேன்யா நான். சம்மதம். நான் என்ன செய்யணும்?"

"வெளக்கைப் பிடி," என்றார் டாக்டர்.

அப்படித்தான், நாட்டின் ஒரு தலைவர் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடிக்க, இன்னொரு தலைவர் வெல்வெட்டுக் கையை மடித்துவிட்டு சின்ன அரத்தால் ராவ, வாசல் காவலர்கள் உள்ளே பார்க்காதது போல நிற்க, என் வாயில் பல் ஏறியது. ஐந்து நிமிஷம் என்று சொன்னது இருபது நிமிஷமாயிற்று. செயலாளர் பதிவேட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்டதற்கு, 'குடிமகன் ஒருவரின் கோரிக்கை இரு தலைவர்களாலும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று வாசித்துக் காட்டினார். அந்த வருஷத்தில் ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பத்திரிகை அதைப் போடவில்லை.

தகரப் பெட்டியைத் திறந்தேன். டாக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மூடு, மூடு. தலைவன் கைநீட்டிக் காசு வாங்கினா அவ்வளவுதான். அப்புறம் என்மேல நீயே புகார் குடுப்ப."

"அப்ப ஏப்ரல்ல கொண்டுவரட்டுமா?"

"தலைவனா இருக்கப்போ செஞ்ச வேலைக்கு டாக்டரா எப்படிக் காசு வாங்குறது? ரிமினிக்காரனுக்குச் சாமான் செலவு ஒன்பதாயிரம், அதை அவனுக்கே நேரா அனுப்பிரு. என் கூலி போச்சு. எழுதித் தள்ளிட்டேன். வாயை மூடிப் பாரு. கடிக்குதா?"

கடித்தது.

*

பதினேழாம் தேதி நோர்மாவைக் கோவிலுக்குள் கூட்டிப்போனேன். வாசல்படியில் ரிமினி போட்டோக்காரன் நிறுத்தினான். நான் பழக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"அப்பா," என்றாள் அவள், உதடு அசையாமல். "சிரிப்பா."

சிரித்தேன். அந்தப் படத்தில் மணப்பெண்ணைவிட நான்தான் அதிகமாகத் தெரிகிறேன் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றும் குறைசொல்கிறார்கள்.

விருந்தில் எவாரிஸ்தோ தோளில் கம்பு வைத்து, இன்னொருவன் பின்பக்கம் தாங்க, பன்றியை முழுசாகக் கொண்டுவந்து இறக்கினான். வயிற்றுக்குள் பூண்டும் பெருஞ்சீரக இலையும் வைத்து இரவெல்லாம் சுட்டது. மேல்தோல் பொன்னிறத்தில் வெடித்திருந்தது. அவன் கண் சிவந்திருந்தது. புகையினாலா, அந்தப் பன்றியினாலா, நான் கேட்கவில்லை. ஒரு துண்டை அறுத்து முதலில் எனக்கு நீட்டினான். கடித்தேன். மொறுக்கென்ற சத்தம் அடுத்த மேஜைவரை கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல் ஒத்தாவியோ கண்ணாடிக் கோப்பையை எனக்காக உயர்த்தினார்.

ஜெல்த்ரூதே மட்டும் உட்காரவில்லை. கணக்கு நோட்டோடு வந்தாள்.

"சுடுறதுக்கு முன்ன நூத்தி இருபத்திரெண்டு கிலோ. கிலோ ஐநூறு. அறுபத்தோராயிரம் ஆச்சு. மீதி மூவாயிரத்து முந்நூத்தி அம்பது."

"கல்யாணத்தன்னிக்கேவா அக்கா?"

"நீ பதவி ஏத்த அன்னிக்கு இவரு சூப்புதான் குடிச்சாரு. எடு."

எவாரிஸ்தோ மூன்று ஆயிரம் லிரா நோட்டை எண்ணி வைத்தான். பிறகு நாணயமாக முந்நூறு. பிறகு எல்லாப் பையையும் தட்டிப் பார்த்தான். கடைசியில் மார்புப் பையிலிருந்து, மடித்து வைத்த ஒரு தாளைப் பிரித்து, அதிலிருந்து ஒரு ஸ்டாம்பை எடுத்தான். முன்னால் அவன் பன்றி, பின்னால் என் சுவர்.

"அம்பது லிரா. இதுவும் காசுதான். தலைவனா இருந்தவன் சொல்றேன்."

ஜெல்த்ரூதே அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாக்கில் நனைத்தாள். நோட்டில் எவாரிஸ்தோவின் பெயருக்கு நேரே இருந்த கடைசி வரியின்மேல் அதை ஒட்டி, கட்டைவிரலால் நாலு மூலையும் அழுத்திவிட்டு, போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.